காரைக்காலோடு நிறுத்திய சரித்திரம்

என் தலையில் எவர் கத்தி வைக்க வந்தாலும் விடுவதில்லை என்று, எழுபத்தெட்டாம் வருஷம் ஆகஸ்ட் மாதம், பாண்டிச்சேரி நெல்லித்தோப்பில் என் வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று ஒரு சபதம் எடுத்தேன். வலது கையில் சீப்பு இருந்ததால் இடது கையால்தான் சத்தியம் செய்தேன். அதனால்தான் பலிக்கவில்லை போலிருக்கிறது.

முதலில் என் முடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. எங்கள் மில்லில் என் வயதுக்காரர்களை நிற்க வைத்தால் பாதிப் பேருக்கு நெற்றி பிடரி வரைக்கும் போய்விட்டிருக்கும். மீதிப் பேருக்கு நரை. எனக்கு ஒன்று உதிரவில்லை, ஒன்று வெளுக்கவில்லை. முன்னால் ஒரு சுருள், பக்கத்தில் இரண்டு கிருதா, பின்னால் காலரைத் தொடுகிற நீளம். நான் மில்லில் டைம் கீப்பர். ஷிப்ட்டுக்கு வருகிறவர்கள் என் ஜன்னலில் கார்டை நீட்டும்போது முதலில் என் முடியைப் பார்ப்பார்கள், அப்புறம்தான் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். தாமதமாக வந்தவன்கூட "முடி இன்னிக்கு அம்சமா இருக்குது சார்" என்றால் நான் இரண்டு நிமிஷம் விட்டுக்கொடுப்பேன்.

இந்த முடியின்மேல்தான் ஒரு வேண்டுதல் விழுந்தது.

அதற்கு நான்கு வருஷம் முன்னால் எனக்கு மஞ்சள் காமாலை வந்தது. கண் மஞ்சள், நகம் மஞ்சள், தலையணை உறைகூட மஞ்சள். ஒரு மாதம் கீழாநெல்லியும் மோரும் குடித்துப் பிழைத்து எழுந்து உட்கார்ந்தேன். உட்கார்ந்த வாரமே என் மனைவி சகாயசெல்வி கஞ்சியை ஆற்றிக்கொண்டே சொன்னாள்: "வேளாங்கண்ணி மாதாவுக்கு வேண்டிக்கிட்டேங்க. உங்களுக்கு மொட்டை போடறதா." காமாலைக்காரன் நான்தானே. காரணம் கேட்க என்ன இருக்கிறது? "போட்டுடலாம்" என்றேன். கஞ்சி குடிக்கிறவன் என்ன கேட்டாலும் சரி என்றுதான் சொல்வான்.

உடம்பு தேறியதும் புத்தியும் தேறியது. முதல் வருஷம் மில்லில் ஆள் குறைவு, லீவு இல்லை என்றேன். அடுத்த வருஷம் என் தங்கை கல்யாணம் வந்தது, மொட்டைத் தலையோடு பந்தலில் நின்றால் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள் என்றேன். அதற்கடுத்த வருஷம் சளி. சளிக்கு ஒரு துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு மூன்று வாரம் நடித்தேன். சகாயசெல்வி ஒரு தடவைகூடச் சண்டை போடவில்லை. "மாதாவுக்குத் தெரியும்" என்று மட்டும் சொல்வாள். சண்டை போடாத பெண்டாட்டியிடம்தான் எனக்கு எப்போதும் பயம்.

எழுபத்தெட்டாம் வருஷம் செப்டம்பர் திருவிழாவுக்குக் கட்டாயம் போகிறோம் என்று அவள் காலண்டரில் வட்டம் போட்டுவிட்டாள். நான் கண்ணாடி முன்னால் போய் நின்றதும் சபதம் எடுத்ததும் அன்றைக்குத்தான்.

வழி தானாகத் திறந்தது. எங்கள் தெருவில் மில் தொழிலாளர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு படிப்பகம் உண்டு. தலைவர் ஜானகிராமன், நெசவுப் பகுதி மேஸ்திரி. செயலாளர் நான். எல்லாரும் தொழிற்சங்கத்தில் பழகியவர்கள். அதனால் படிப்பகத்தில் பெஞ்சை நகர்த்துவதற்குக்கூடத் தீர்மானம் போட்டு, கை தூக்கி, அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதினால்தான் பெஞ்சு நகரும். அந்த மாதக் கூட்டத்தில் ஜானகிராமன், இந்த வருஷம் குடும்பத்தோடு ஒரு கல்விச் சுற்றுலா போகலாமா என்றார். நான் துள்ளி எழுந்தேன். கடற்கரையோரமாகவே போவோம், கப்பலேறி வந்த வெள்ளைக்காரன் ஒவ்வொருவனும் எங்கே இறங்கினான், எங்கே கோட்டை கட்டினான் என்று பார்ப்போம், விளக்கம் சொல்ல நான் இருக்கிறேன் என்றேன். தேதி செப்டம்பர் முதல் வாரம் என்று நானே முன்மொழிந்தேன். ஏகமனதாக நிறைவேறியது.

என் கணக்கு சுலபம். மில்லில் இருக்கிற இரண்டு நாள் லீவையும் சுற்றுலா தின்றுவிடும். வேளாங்கண்ணிக்கு லீவு மிஞ்சாது. மனைவியையும் கூட அழைத்துப் போவதால், ஊர் சுற்றிக் காட்டவில்லை என்ற புகாரும் வராது. பாதையை நானே போட்டேன். கடலூரில் இங்கிலீஷ்காரன், தரங்கம்பாடியில் டேனிஷ்காரன், காரைக்காலில் நம்ம பிரெஞ்சுக்காரன். அங்கே ராத்தங்கல், மறுநாள் வந்த வழியே ஊர். அதற்குத் தெற்கே நாகப்பட்டினத்தில் டச்சுக்காரனும் போர்த்துக்கீசியனும் இருந்தார்கள்தான். ஆனால் நாகப்பட்டினத்தைத் தொட்டால் அடுத்தது வேளாங்கண்ணி. ஆகவே இரண்டு பேரையும் என் நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்து எறிந்தேன். இந்தியச் சரித்திரத்தையே காரைக்காலோடு நறுக்கி நிறுத்தியவன் நான் ஒருவன்தான்.

அடுத்தது பெர்மிட். எங்கள் ஊர் பஸ் தமிழ்நாட்டு எல்லைக்குள் சுற்றுலா போக வேண்டுமென்றால், எங்கிருந்து எங்கே, எந்த வழியாக, யார் யார் என்று விண்ணப்பம் எழுதிக் கொடுத்துப் பெர்மிட் வாங்க வேண்டும். அதுவும் மூன்று பிரதி. என் கையெழுத்து எனக்கே மறுநாள் புரியாது. சகாயசெல்வி கன்னியாஸ்திரி மதர்மார் நடத்தும் பள்ளிக்கூடத்தில் படித்தவள். முத்து முத்தாக எழுதுவாள். படிப்பகத்துக் காகிதம் எல்லாவற்றையும் நான் தலை வாரிக்கொண்டே சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுவது. அன்றைக்கும் கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னேன்.

"பாண்டிச்சேரி. கடலூர். தரங்கம்பாடி. காரைக்கால்."

"காரைக்காலோட நிக்கணுங்களா?"

"நிக்கணும். கண்டிப்பா நிக்கணும்."

"சரிங்க."

பேனா சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. காகிதத்தை நீட்டினாள். கிருதாவில் ஒரு பக்கம் சற்றே இறங்கி இருக்கிறதோ என்ற சந்தேகத்தில் நான் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்காமல் மூன்று இடத்திலும் கையெழுத்துப் போட்டேன். இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டாளே என்று எனக்கு அவள்மேல் பரிதாபமாகக்கூட இருந்தது. அன்று சாயங்காலம் அவளுக்கு மல்லிகைப் பூ வாங்கி வந்தேன்.

புறப்பட்ட நாள் காலையில் நாற்பது பேர். டிரைவர் இராமதாஸ் பஸ்ஸுக்கு வாழைமரம் கட்டியிருந்தார். சங்கத்து ஊர்வலத்தில் கோஷம் போடுகிற கை மைக்கை நான் இரவல் வாங்கி வைத்திருந்தேன். எதிர்வீட்டு குஞ்சம்மாள், என் மனைவியின் உயிர்த் தோழி, ஒரு தூக்கு நிறையப் புளிசாதத்தோடு முன் சீட்டைப் பிடித்துக்கொண்டாள். தவளக்குப்பம் தாண்டி எல்லைச் சாவடியில் போலீஸ்காரர் பஸ்ஸில் ஏறினார். பெர்மிட்டைப் படித்தார். என்னைப் பார்த்தார். குடும்பத்தோடு கோயிலுக்கா என்று கேட்டார். இல்லை, சரித்திரத்துக்கு என்றேன். அவர் இன்னொரு தடவை பெர்மிட்டைப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார். படிப்பில்லாத மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

கடலூரில் தேவனாம்பட்டினத்துக் கோட்டை முன்னால் முதல் சொற்பொழிவு. கோட்டை என்று அங்கே மிச்சமிருப்பது கொஞ்சம் சுவர்தான். அதனால் என்ன, மீதியை நான் வாயால் கட்டினேன். இங்கிலீஷ்காரன் இந்தக் கோட்டையை வாங்கியபோது, பீரங்கியால் நாலு பக்கமும் சுடுவது, குண்டு விழுகிற தூரம் வரைக்கும் உள்ள கிராமங்கள் எல்லாம் அவனுக்கு என்று பேச்சு, அப்படியே சுட்டு எடுத்துக்கொண்டான் என்றேன். எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். குஞ்சம்மாள் மட்டும் எழுந்து, "அந்தக் குண்டு நம்ம வூட்டுப் பக்கம் வந்திருந்தா நாமளும் கடலூர்க்காரங்களா ஆயிருப்பமா அண்ணே?" என்றாள். சிந்திக்க வேண்டிய கேள்வி. காற்று அடித்ததால் சீப்பை எடுத்து வாரிக்கொண்டு சமாளித்தேன்.

மத்தியானம் தாண்டித் தரங்கம்பாடி. கடலை ஒட்டி மஞ்சளாக டேனிஷ் கோட்டை. அலை சத்தம், வெயில், புளிசாதம் தின்ற திருப்தி. அன்றைக்குப் பேசியது போல என் ஆயுளில் நான் பேசியதில்லை. டென்மார்க்கிலிருந்து கப்பலை ஓட்டிக்கொண்டு வந்து, தஞ்சாவூர் ராஜாவிடம் இடம் வாங்கி, கோட்டை எழுப்பி, கடைசியில் அதை இங்கிலீஷ்காரனுக்கே விற்றுவிட்டுப் போன கதை. ஜானகிராமன் முதல் வரிசையில் உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். கடல் காற்றில் என் சுருள் முடி தானாக ஆடிக்கொண்டிருந்தது. அந்த நேரம் யாராவது ஒரு போட்டோ எடுத்திருக்கக் கூடாதா என்று இன்றைக்கும் வருத்தப்படுகிறேன்.

அப்போது கூட்டத்திலிருந்து சகாயசெல்வி கையைத் தூக்கினாள்.

பதினெட்டு வருஷ தாம்பத்தியத்தில் அவள் என்னிடம் சரித்திரக் கேள்வி கேட்டதே இல்லை. வீட்டில் நான் சரித்திரத்தை ஆரம்பித்தால் அவளுக்கு அடுப்பில் ஏதாவது தீயும். அப்படிப்பட்டவள் கை தூக்குகிறாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கேள் என்று மைக்கிலேயே சொன்னேன்.

"இங்கிலீஷ்காரங்க, டேனிஷ்காரங்க, நம்ம பிரெஞ்சுக்காரங்க. இவங்கள்லாம் வர்றதுக்கு முன்னாடி யாருங்க வந்தது?"

"போர்த்துக்கீசியர்" என்றேன் கம்பீரமாக.

"அவங்க இந்தப் பக்கம் எறங்கலீங்களா?"

நோட்டுப் புத்தகத்தில் கிழித்த பக்கம் எனக்கு லேசாக நினைவு வந்தது. இறங்கினார்கள், நாகப்பட்டினத்தில், அது போகட்டும் என்றேன்.

"அவங்க கட்டுனது எதுனா இன்னும் இருக்குதுங்களா? தெரியலன்னா பரவால்ல, உடுங்க."

தெரியலன்னா பரவால்ல! நாற்பது பேர் முன்னால், கையில் மைக்கோடு நிற்கிற ஒரு செயலாளரைப் பார்த்து! பெரியவர்கள் சிலர் அனுதாபமாகப் பார்த்தார்கள். பாவம், இவருக்கு இது தெரியாது போலிருக்கிறது என்ற பார்வை. அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியாது. எனக்கா தெரியாது என்று ஆரம்பித்தேன்.

ஆரம்பித்தவன் நிறுத்தவில்லை. சீனக் கரையிலிருந்து கொழும்புக்குப் போன போர்த்துக்கீசியக் கப்பல். வழியில் புயல். பாய் கிழிந்தது, மரம் முறிந்தது. மாலுமிகள் முழந்தாளிட்டு மாதாவைக் கூப்பிட்டு, எந்தக் கரையில் சேர்கிறோமோ அந்தக் கரையில் கோயில் கட்டுகிறோம் என்று வேண்டிக்கொண்டார்கள். உடனே காற்று அடங்கியது. கரை தெரிந்தது. இறங்கினார்கள், அங்கே இருந்த ஓலைக் கொட்டகையை எடுத்துவிட்டுக் கோயில் கட்டினார்கள். அடுத்த தடவை வந்தபோது சீனத்துப் பீங்கான் தட்டுகள் கொண்டுவந்து பீடத்தில் பதித்தார்கள் என்று சொல்வார்கள், அந்தத் தட்டுகள் இன்றைக்கும் அங்கே இருக்கின்றன என்று குரலைத் தாழ்த்தி முடித்தேன். பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். இராமதாஸ்கூடப் பஸ்ஸை விட்டு இறங்கி வந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"அது எந்த ஊருங்க?" என்றாள் சகாயசெல்வி.

மைக் என் வாயருகில்தான் இருந்தது. பதிலும் வாயில்தான் இருந்தது. இரண்டையும் விழுங்கப் பார்த்தேன். அதற்குள் குஞ்சம்மாள் பின்னாலிருந்து, "இது தெரியாதா, வேளாங்கண்ணி" என்றாள்.

அடுத்து நடந்ததெல்லாம் சங்க முறைப்படி நடந்தது. ஜானகிராமன் எழுந்து வேட்டியை இறுக்கிக்கொண்டார். "கடைசியா வந்தவங்களப் பாத்துட்டு, மொதல்ல வந்தவங்களப் பாக்காமத் திரும்பறதுக்குப் பேரு கல்விச் சுற்றுலாவா? செயலாளர் இவ்ளோ உருக்கமா சொன்னப்பறம் நாம போகலன்னா அவருக்குத்தான் அவமானம்" என்றார். தீர்மானம் முன்மொழியப்பட்டது. ஆதரிப்பவர்கள் கை தூக்கினார்கள். முப்பத்தொன்பது கை. எதிர்ப்பவர்கள் என்றபோது நான் ஒருவன். தீர்மானப் புத்தகத்தில் அதை எழுத வேண்டியவனும் நான். எழுதினேன், அல்லது என் மனைவி எழுதினாள், நான் சொன்னேன்.

என்னிடம் ஒரே ஒரு ஆயுதம் பாக்கி இருந்தது. பெர்மிட். வரக்கூடாது என்று எனக்கென்ன ஆசையா, சட்டம் இருக்கிறதே, பெர்மிட் காரைக்கால் வரைக்கும்தானே, எல்லையில் பிடித்தால் பஸ்ஸையே நிறுத்திவிடுவார்களே என்று மிகுந்த வருத்தத்தோடு சொன்னேன். இராமதாஸ் போய் டிரைவர் சீட்டுக்கு மேலே செருகியிருந்த காகிதத்தை எடுத்து வந்து கொடுத்தார்.

"வேளாங்கண்ணின்னுதான் சார் போட்டிருக்குது. நீங்கதான கையெழுத்துப் போட்டிருக்கீங்க?"

படித்தேன். முத்து முத்தான எழுத்து. பாண்டிச்சேரியிலிருந்து வேளாங்கண்ணி, வழி கடலூர், தரங்கம்பாடி, காரைக்கால். கீழே அமலநாதன், செயலாளர். என் கையெழுத்து அன்றைக்குத்தான் முதல் தடவையாக எனக்குத் தெளிவாகப் புரிந்தது.

"செல்வி, காரைக்காலோட நிக்கணும்னு நான் சொல்லல?"

"நிக்கப் போறமே. ராத்திரிக்கு அங்கதான படுக்கை" என்றாள்.

காரைக்காலில் படுத்தேன். விடிந்ததும் வயிற்று வலி என்றேன். ஓம வாட்டர் பாட்டில் ஏற்கெனவே அவள் பையில் இருந்தது. அந்தப் பைக்குள் இன்னும் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தேன். ஒரு புதுத் துண்டு. ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா. திறந்தால் அரைத்து வைத்த சந்தனம். ஊரிலேயே அரைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். எனக்கு வயிறு நிஜமாகவே வலித்தது.

வேளாங்கண்ணியில் திருவிழாக் கூட்டம். நாற்பது பேரும் வரிசையாகப் போய் மாதாவைக் கும்பிட்டு, பீங்கான் தட்டுகளைப் பார்த்து, செயலாளர் சொன்னது அப்படியே இருக்கிறதே என்று மெச்சினார்கள். குஞ்சம்மாள் கழுத்து வலிக்க வலிக்க அண்ணாந்து பார்த்து, தன் வீட்டில் ஒரு நல்ல தட்டு இருந்தால்கூட உடைந்துவிடுகிறதே என்று பெருமூச்சு விட்டாள். எங்கும் சந்தோஷம். மாதாவின் முகத்தில்கூட ஒரு சிரிப்பு இருந்ததாக எனக்குத் தோன்றியது. கூட்டத்தில் நழுவிவிடலாமா என்று பார்த்தேன். ஒரு பக்கம் ஜானகிராமன், இன்னொரு பக்கம் குஞ்சம்மாள், பின்னால் சகாயசெல்வி. வேண்டுதல் விஷயம் எப்படியோ பஸ் முழுக்கத் தெரிந்திருந்தது.

மொட்டை போடுகிறவர் மணையைக் காட்டினார். உட்கார்ந்தேன். தலையில் தண்ணீரைத் தெளித்துத் தேய்த்தவர், கையை நிறுத்திவிட்டு, "நல்ல முடி சார். இப்படி நெருக்கமான முடி இந்தத் திருவிழாவுல இதான் மொதல்" என்றார். கடைசி நேரத்திலாவது ஒரு ரசிகர். மைக் ஜானகிராமன் கைக்குப் போய்விட்டிருந்தது. படிப்பகக் குடும்பத்தார் சுற்றி வட்டமாக உட்கார, அவர் என் தலையைக் காட்டி, காணிக்கை செலுத்துகிற வழக்கத்தைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசினார். நான் பேசியதற்குக் கைதட்டியதைவிட இதற்கு அதிகமாகவே தட்டினார்கள்.

முன் சுருள் மடியில் விழுந்தது. இடது கிருதா, வலது கிருதா. பிறகு எனக்கு எண்ண மனமில்லை.

கடலில் முழுகி எழுந்து கரைக்கு வந்தேன். தலையில் காற்று நேராகப் பட்டது. பிறந்த குழந்தைக்கு இப்படித்தான் இருக்குமோ என்று நினைத்துக்கொண்டேன். சகாயசெல்வி மணலில் என்னை உட்கார வைத்து, புதுத் துண்டால் துவட்டி, டப்பாவைத் திறந்து, சந்தனத்தை எடுத்து மெதுவாகத் தடவினாள். ஜில்லென்று இருந்தது. அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. நான்கு வருஷமாக இந்தப் பெண் இந்தப் பாரத்தைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறாள், நான் ஒரு கிருதாவுக்காக அவளை ஏய்த்துக்கொண்டிருந்தேனே என்று எனக்கு வெட்கமாகிவிட்டது. கண் கலங்கியது. சபதமாவது, முடியாவது! முடி மறுபடி வளரும். இப்படி ஒரு மனைவி கிடைப்பாளா?

அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். "எனக்குக் காமாலை வந்தப்ப நீ இவ்ளோ பயந்துட்டியா செல்வி?"

அவள் கையை விடுவித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"காமாலைக்கு யாருங்க மொட்டை வேண்டுனது? அதுக்கு நம்ம கோயில்லயே ஒரு மெழுகுவத்தி ஏத்திட்டேன். இது, காமாலை வந்த வாரம் நம்ம ஆடு காணாப் போச்சே, அதுக்கு. படுத்துக் கிடக்கறதுக்கு முந்தின நாளு அதைக் கட்டாம உட்டது நீங்கதான, அதான் உங்க முடி."

அந்த ஆடு மறுநாள் காலையில் தானாகவே வீட்டுக்கு வந்துவிட்டது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.